பட்டியலில் ஏறிய பெயரும் திரையில் ஏறிய பெயரும்

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



நாடகமும் சினிமாக் கதையும் எழுதிப் பிழைத்த ஒருவரைப் பற்றி இன்றைக்குப் பேசப் போகிறோம். "கூலி, போனஸ், வேலைப்பளு என்று பேச வேண்டியது மலைபோல் குவிந்து கிடக்கிறது. சினிமாக்காரர் கதை நமக்கு எதற்கு?" என்று சிலர் நினைக்கக்கூடும். நியாயமான கேள்விதான். பதில் சொல்லுமுன் உங்களிடம் நாங்கள் ஒன்று கேட்கிறோம்.

ஒரு மில்லில் சங்கம் சேர்த்த குற்றத்துக்காக வேலை இழந்தவர் பக்கத்து மில்லுக்குப் போகிறார். ஸ்பின்னிங்கில் இருபது வருஷ அனுபவம் உள்ளவர். கேட்டில் பெயரைக் கேட்கிறார்கள். உள்ளே போய்த் திரும்பி வந்து, "ஆள் எடுக்கவில்லை" என்கிறார்கள். அவருக்குப் பின்னால் நின்ற, அறுந்த நூலை ஒட்டக்கூடத் தெரியாத பையனை உள்ளே விடுகிறார்கள். அந்தத் தொழிலாளியின் பெயர் எங்கேயாவது எழுதி ஒட்டியிருக்கிறதா? இல்லை. யாராவது கையெழுத்துப் போட்ட உத்தரவு உண்டா? அதுவும் இல்லை. ஆனாலும் சிங்காநல்லூரில் தட்டினாலும் பல்லடத்தில் தட்டினாலும் கதவு திறப்பதில்லை.

தோட்டங்காட்டில் என்ன நடக்கிறது? கூலியைக் கூட்டிக் கேட்ட பெண்ணை மறுநாள் களையெடுப்புக்கும் கூப்பிடுவதில்லை, மஞ்சள் வெட்டுக்கும் கூப்பிடுவதில்லை. "இன்னைக்கு ஆள் போதும்" என்கிறார்கள். ஊரில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் அதே பதில்.

இதற்குத்தான் கறுப்புப் பட்டியல் என்று பெயர். இது நூற்பவனையும் அறுப்பவனையும் மட்டும் குறிவைத்த ஆயுதமல்ல. பேனா பிடித்தவனையும் இது விடவில்லை. அங்கே இந்தப் பட்டியல் எப்படி வேலை செய்தது, யார் அதை உடைத்தார்கள் என்று தெரிந்துகொண்டால், நம் ஊர்ப் பட்டியலை உடைக்கவும் வழி பிறக்கும். அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

அமெரிக்காவில் பத்துப் பேர்

கதை முதலில் கடல் கடந்து நடக்கிறது. 1947 அக்டோபர் மாதம். அமெரிக்காவின் பிரதிநிதிகள் சபையைச் சேர்ந்த ஒரு கமிட்டி, ஹாலிவுட் சினிமா உலகத்தில் கம்யூனிஸ்டுகள் யார் யார் என்று விசாரணை நடத்தியது. எழுத்தாளர்களையும் டைரக்டர்களையும் கூண்டில் ஏற்றி, "நீ கம்யூனிஸ்ட் கட்சியில் இருக்கிறாயா, முன்பு இருந்தாயா?" என்று கேட்டார்கள். பத்துப் பேர் பதில் சொல்ல மறுத்தார்கள். எந்தக் கட்சியில் இருக்கிறோம் என்று கேட்கச் சர்க்காருக்கு உரிமை இல்லை என்பது அவர்கள் வாதம். அந்தப் பத்துப் பேரில் ஒருவர் டால்டன் டிரம்போ. அந்நாளில் ஹாலிவுட்டில் மிக அதிகச் சம்பளம் வாங்கிய திரைக்கதை ஆசிரியர்களில் ஒருவர் அவர்.

அடுத்த மாதமே சினிமா முதலாளிகள் நியூயார்க்கில் ஒரு பெரிய ஹோட்டலில் கூடினார்கள். ஒருவரோடொருவர் போட்டி போட்டுத் தொழில் நடத்துகிறவர்கள், தொழிலாளியை வெளியே தள்ளும் விஷயத்தில் ஒரே நாளில் ஒன்றாகிவிட்டார்கள். அந்தப் பத்துப் பேரையும் வேலையிலிருந்து நிறுத்துகிறோம், கம்யூனிஸ்ட் என்று தெரிந்த எவரையும் இனி வேலைக்கு வைக்க மாட்டோம் என்று அறிக்கை விட்டார்கள். நம் ஊர் மில் முதலாளிகள் இதை எந்த ஹோட்டலிலும் அறிக்கையாக எழுதுவதில்லை. போனிலேயே முடித்துவிடுகிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

சபையை அவமதித்ததாக வழக்குப் போட்டு, 1950இல் பத்துப் பேரையும் சிறையில் அடைத்தார்கள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. விசாரணைக் கமிட்டியின் தலைவராக இருந்து தேசபக்தியைப் பற்றி உபதேசம் செய்த பார்னெல் தாமஸ் என்பவர், தம் ஆபீஸில் வேலையே செய்யாதவர்கள் பெயரில் சம்பளம் எழுதி எடுத்த குற்றத்துக்காகத் தண்டனை பெற்று, அதே காலத்தில் சிறைக்குப் போனார். அவர் விசாரித்த எழுத்தாளர்களில் இரண்டு பேர் அவர் இருந்த சிறையிலேயே கைதிகளாக இருந்தார்கள். பொய் மஸ்டர் போட்டுச் சம்பளம் எடுக்கும் வித்தை நம் ஊர்க் காண்ட்ராக்டர்கள் மட்டும் கண்டுபிடித்ததல்ல என்று தெரிகிறது அல்லவா?

விடுதலையாகி வந்த டிரம்போவுக்கு எந்தக் கம்பெனியிலும் வேலை இல்லை. குடும்பத்தோடு மெக்ஸிகோ போனார். ஆனால் எழுத்தை நிறுத்தவில்லை. வேறு பெயர்களில் எழுதினார். சில சமயம் நண்பர்கள் தங்கள் பெயரைக் கடன் கொடுத்தார்கள். 1953இல் வந்த "ரோமன் ஹாலிடே" படத்தின் கதை அவருடையது. ஆஸ்கார் பரிசு, பெயரைக் கடன் கொடுத்த நண்பருக்குப் போயிற்று. 1957இல் "தி பிரேவ் ஒன்" என்ற படத்தின் கதைக்கு ராபர்ட் ரிச் என்பவருக்குப் பரிசு என்று மேடையில் அறிவித்தார்கள். பரிசு வாங்க ராபர்ட் ரிச் வரவில்லை. எப்படி வருவார்? அப்படி ஒரு எழுத்தாளரே கிடையாது. அது டிரம்போ வைத்துக்கொண்ட பொய்ப்பெயர்!

தோழர்களே, இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கதைகளை வாங்கிய முதலாளிகளில் பலருக்கு எழுதியது யார் என்பது நன்றாகவே தெரியும். பட்டியலில் இருப்பவனிடம் வாங்கினால் சரக்கு மலிவு. பேரம் பேச அவனுக்கு வாய் கிடையாது, கோர்ட்டுக்குப் போகவும் வழி கிடையாது. அவன் உழைப்பு வேண்டும், அவன் பெயர் மட்டும் வேண்டாம். கறுப்புப் பட்டியலின் அடிப்படைக் கணக்கு இதுதான். இதை மனதில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இந்தக் கணக்குக்கே திரும்பி வருவோம்.

கணவாய்க்கு அந்தப் பக்கம்

இப்போது நம் பக்கத்து வீட்டுக்கு வருவோம். வாளையாறு தாண்டினால் கேரளம். அங்கே வள்ளிகுன்னம் என்ற ஊரில் 1924இல் பிறந்தவர் தோப்பில் பாஸி. ஆயுர்வேத வைத்தியம் படித்தவர். மாணவராக இருக்கும்போதே சுதந்திரப் போராட்டத்தில் இறங்கி, பிறகு கம்யூனிஸ்ட் கட்சிக்கு வந்தார். வைத்தியம் பார்த்துச் சுகமாக இருந்திருக்கலாம். ஆனால் அவர் கண்முன்னால் இருந்த நோய் கஷாயத்துக்குத் தீருகிற நோயாக இருக்கவில்லை. ஜன்மிகளின் நிலம், கூலியில்லா வேலை, கீழ்ச்சாதி என்று ஒதுக்கப்பட்ட மனிதர்கள்; அதுதான் அன்றைய திருவிதாங்கூர்.

1949 டிசம்பர் 31. கொல்லத்துக்கு வடக்கே சூரநாடு என்ற கிராமம். அங்கே ஊர் ஜனங்கள் காலங்காலமாக மீன் பிடித்துவந்த குளத்தில் மீன் பிடிக்கும் உரிமை யாருக்கு என்று தகராறு. குளம் ஏலம் போனது, ஏழைகள் இறங்கக் கூடாது என்றார்கள். ஏழைகள் இறங்கினார்கள். இரவு போலீஸ் வந்தது. மோதலில் ஒரு சப்-இன்ஸ்பெக்டரும் நான்கு போலீஸ்காரர்களும் இறந்தார்கள். அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் நடந்ததை விவரிக்க நேரம் போதாது. வீடுகளில் புகுந்து அடித்தார்கள். கைதானவர்களில் போலீஸ் கொட்டடியிலேயே உயிரை விட்டவர்களும் உண்டு. 1950 பிறந்ததும் அங்கே கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது.

நம் பக்கம் நிலைமை வேறாக இருந்தது என்று நினைக்காதீர்கள். சென்னை மாகாணத்தில் 1949இலேயே கட்சிக்குத் தடை போட்டிருந்தார்கள். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் கைதிகள் மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்து 22 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் மலபாரிலிருந்து கொண்டுவந்து அடைக்கப்பட்ட விவசாயிகள். மலையாளத்து உழவனின் ரத்தம் நம் கொங்குச் சீமையின் சிறைக் கொட்டடியில் சிந்தியிருக்கிறது. ஆகையால் தோப்பில் பாஸியின் கதையை அயலூர்க் கதை என்று நாம் ஒதுக்க முடியாது.

சூரநாடு வழக்கில் பாஸியின் பெயரும் சேர்க்கப்பட்டது. அவர் தலைமறைவானார். பகலில் யாரோ ஒரு ஏழையின் குடிசைக்குள், இரவில் வயல் வரப்பில். அடுத்த வேளைக் கஞ்சி எந்த வீட்டில் என்று தெரியாத வாழ்க்கை. அவருக்கு இடம் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் தங்களுக்கே சோறு இல்லாத விவசாயக் கூலிகள். அவரைக் காட்டிக் கொடுத்திருந்தால் அந்தக் குடும்பங்களுக்குப் போலீஸ் தொல்லையாவது நீங்கியிருக்கும். ஆனாலும் காப்பாற்றினார்கள். அந்த வாழ்க்கையைப் பாஸி பிற்காலத்தில் "ஒளிவிலே ஓர்மகள்" என்ற புத்தகமாக எழுதினார். தலைமறைவு நினைவுகள் என்று பொருள்.

சோமன் என்கிற நாடகாசிரியர்

அந்தத் தலைமறைவில்தான் ஒரு நாடகம் பிறந்தது. பெயர் "நிங்ஙளென்னெக் கம்யூனிஸ்டாக்கி". "நீங்கள் என்னைக் கம்யூனிஸ்ட் ஆக்கினீர்கள்" என்பது அதன் அர்த்தம். தேடப்படும் மனிதர் தம் சொந்தப் பெயரில் எப்படி நாடகம் போடுவது? ஆகவே ஆசிரியர் பெயர் "சோமன்" என்று வைத்தார்கள்.

நாடகத்தை மேடையேற்றியது கே.பி.ஏ.சி. என்ற கேரள மக்கள் கலைக் கழகம். வக்கீல்கள், பத்திரிகைக்காரர்கள், பாட்டுப் பாடத் தெரிந்த வாலிபர்கள், வீட்டாரின் எதிர்ப்பை மீறி மேடைக்கு வந்த பெண்கள் ஆகியோர் சேர்ந்து நடத்திய குழு அது. 1952 டிசம்பர் 6 அன்று கொல்லத்துக்கு அருகே சவரா என்ற ஊரில் நாடகம் அரங்கேறியது. பாட்டுகளை ஓ.என்.வி. குறுப்பு எழுத, தேவராஜன் மெட்டமைத்தார். அந்தப் பாட்டுகள் கொட்டகையை விட்டு வெளியேறி, நாற்று நடவுக்கும் அறுவடைக்கும் போய்ச் சேர்ந்தன.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். பரமு பிள்ளை என்று ஒரு கிழவர். மேல்சாதிக் குடும்பம், ஆனால் நொடித்துப்போன குடும்பம். பழம்பெருமை இருக்கிறது, கையில் காசு இல்லை. மகன் கோபாலன் கம்யூனிஸ்ட். "குலத்தின் மானம் போச்சு" என்று கிழவர் மகனைத் திட்டுகிறார். சேரியிலிருந்து மாலா என்ற பெண் வருகிறாள். அவளைக் கண்டாலே கிழவருக்கு ஆகாது. பக்கத்திலேயே ஒரு நிலப்பிரபு, கேசவன் நாயர். அவர் சூழ்ச்சி செய்து கிழவரின் நிலத்துக்கே உலை வைக்கிறார். சாதியில் தன் ஆள் என்று எவரை நம்பினாரோ, அவரே தன் கழுத்தை அறுக்கிறார் என்று கிழவருக்குப் புரிகிறது. கடைசிக் காட்சியில் மாலாவின் கையிலிருந்து செங்கொடியைக் கேட்டு வாங்கித் தானே உயர்த்திப் பிடிக்கிறார் பரமு பிள்ளை.

இதில் ஒரு விசேஷத்தைப் பாருங்கள். நாடகத்தின் பெயரில் "நீங்கள்" என்று சொல்கிறாரே, அது யாரை? பிரசங்கம் செய்த தலைவர்களை மட்டுமல்ல. நிலத்தைப் பிடுங்கியவன், பொய் வழக்குப் போட்டவன், அடித்தவன் எல்லாரும் சேர்ந்துதான் அந்தக் கிழவரைக் கம்யூனிஸ்ட் ஆக்கினார்கள். சங்கத்துக்கு ஆள் சேர்ப்பதில் நம்மைவிட முதலாளிமார்களின் பங்கு பெரிது என்று நாம் அடிக்கடி சொல்வதுண்டு. அதையே பாஸி நாடகமாக்கிக் காட்டினார்.

வெள்ளைக்காரன் சட்டம், நம்மவர் கை

நாடகத்துக்குக் கூட்டம் பெருகியது. சர்க்காருக்குத் தூக்கம் போயிற்று. 1953இல் திருவிதாங்கூர்-கொச்சி சர்க்கார் நாடகத்துக்குத் தடை விதித்தது. எந்தச் சட்டத்தின் கீழ்? 1876ஆம் வருஷத்து நாடக நிகழ்ச்சிச் சட்டம்! வெள்ளைக்காரனைக் கேலி செய்து வங்காளத்தில் நாடகம் போட்டார்கள் என்பதற்காக வெள்ளைக்காரன் போட்ட சட்டம். வெள்ளைக்காரன் கப்பலேறிப் போனான், சட்டத்தை மட்டும் இங்கேயே விட்டுப் போனான். நம்மவர்கள் அதைத் துடைத்து எடுத்து உழவனின் நாடகத்தின் மேல் வீசினார்கள்.

கலைக் கழகத்தார் என்ன செய்தார்கள்? தடையை மீறி நடித்தார்கள். கோவளத்தில் நாடகம் நடந்துகொண்டிருக்கையில் போலீஸ் புகுந்து குழுவினரைக் கைது செய்தது. இன்னொரு பக்கம் வழக்கும் நடத்தினார்கள். இரண்டே மாதத்தில் தடை நீங்கியது. வீதியிலும் நின்றார்கள், கோர்ட்டிலும் நின்றார்கள். வேலைநிறுத்தமும் செய்து, லேபர் கோர்ட்டிலும் கேஸ் நடத்தும் நமக்கு இந்த முறை புதிதல்ல.

இந்தச் சட்டத்தின் கதையையும் முடித்துவிடுவோம். லட்சுமணபுரியில் மக்கள் நாடகக் குழு ஒன்று பிரேம்சந்தின் கதையை நாடகமாகப் போட்டதற்காக வழக்கு நடந்து, 1956இல் அலகாபாத் ஹைகோர்ட், இந்தச் சட்டம் அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று தீர்ப்புச் சொன்னது. நம் சென்னை ராஜ்யமோ 1954இல் தனக்கென்று ஒரு நாடகச் சட்டத்தையே செய்துகொண்டது. அதைச் சென்னை ஹைகோர்ட் 2013இல்தான் செல்லாதென்று சொன்னது. 1876 சட்டம் மத்திய சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்டது 2018இல். நாடகம் வெற்றி பெற இரண்டு மாதம் ஆயிற்று, சட்டம் சாக நூற்று நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று! சட்டம் தானாகச் சாகும் என்று காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டுமா?

மேடையிலிருந்து திரைக்கு

தலைமறைவாக இருந்த பாஸியைப் போலீஸார் 1952இல் பிடித்தார்கள். ஆனால் "சோமன்" யார் என்பது ஜனங்களுக்குத் தெரிந்துவிட்டது. 1954 தேர்தலில் அதே பாஸியை ஜனங்கள் சட்டசபைக்கு அனுப்பினார்கள். 1957இலும் வெற்றி பெற்றார். அந்த வருஷம் ஏப்ரல் 5ஆம் தேதி கேரளத்தில் கம்யூனிஸ்ட் மந்திரிசபை பதவியேற்றது. ஒரு வாரத்துக்குள், குடியானவனை நிலத்திலிருந்து வெளியேற்றக் கூடாது என்று அவசரச் சட்டம் வந்தது. ஒரு நாடகம்தான் அந்த ஆட்சியைக் கொண்டுவந்தது என்று யாராவது சொன்னால் அது மிகை. இருபது வருஷக் காலம் வயலிலும் தொழிற்சாலையிலும் நடந்த போராட்டம் கொண்டுவந்தது. அந்தப் போராட்டத்துக்கு ஒரு நாக்கு வேண்டியிருந்தது. அந்த நாக்கை நாடகம் கொடுத்தது.

பாஸி தொடர்ந்து எழுதினார். "மூலதனம்" என்று ஒரு நாடகம். "விசக்குன்ன கரிங்காலி" என்று இன்னொன்று. "பசிக்கிற கருங்காலி" என்று பொருள். வேலைநிறுத்தத்தை முறிக்கப் போகிறவனுக்கு மலையாளத்திலும் கருங்காலி என்றே பெயர் பாருங்கள்! அவனை வெறுத்து ஒதுக்குவது சுலபம். அவன் பசியோடு இருக்கிறான் என்று பெயரிலேயே சொல்ல ஒரு நாடகாசிரியர் வேண்டியிருந்தது.

அவருடைய "முடியனாய புத்ரன்" நாடகம் 1961இல் ராமு காரியாட்டின் டைரக்‌ஷனில் படமாக வந்து, ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. பத்து வருஷத்துக்கு முன் எந்த மனிதரைப் போலீஸ் வேட்டையாடியதோ, அவர் எழுதிய கதைக்கு டில்லியிலிருந்து பதக்கம்! 1967இல் "அசுவமேதம்" வந்தது. குஷ்டரோகம் வந்தவரைச் சமூகம் எப்படித் துரத்துகிறது என்பதைப் பற்றிய கதை.

1968இல் "துலாபாரம்" வந்தது. அதை நம்மில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். மறு வருஷமே தமிழிலும் வந்தது. ஆலைத் தொழிலாளியின் மனைவி விஜயா. தொழிலாளர் போராட்டத்தில் முன்நின்ற கணவனைக் கொன்றுவிடுகிறார்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு பட்டினி. பசி தாங்காமல் பிள்ளைகள் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல், அவர்களுக்கு விஷம் கொடுத்துத் தானும் சாகப் பார்க்கிறாள். பிள்ளைகள் சாகிறார்கள், அவள் பிழைத்துக்கொள்கிறாள். கொலைக் குற்றவாளி என்று கூண்டில் நிற்கிறாள். யார் கொலைகாரர் என்ற கேள்வியைப் படம் பார்ப்பவன் மடியில் போட்டுவிடுகிறார் பாஸி. அந்த வேஷத்தில் நடித்த சாரதாவுக்கு அந்த வருஷத்தின் சிறந்த நடிகை என்ற தேசிய விருது கிடைத்தது.

1970இல், தலைமறைவில் எழுதிய அதே நாடகத்தைப் பாஸி தாமே டைரக்ட் செய்து சினிமாவாக்கினார். முன்பு "சோமன்" என்று எழுதிய இடத்தில் இப்போது கொட்டை எழுத்தில் "தோப்பில் பாஸி". 1992இல் காலமாகும்வரை நூற்றுக்கு மேல் திரைக்கதைகள் எழுதினார். அவை எல்லாமே ஒரே தரம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். சினிமா முதலாளிக்குக் கணக்கு உண்டு, எழுதுகிறவனுக்கு வீட்டுச் செலவு உண்டு. ஆனால் உழைக்கிறவனைக் கோமாளியாக்கிச் சிரிப்பு வாங்காமல், அவனைக் கதாநாயகனாக்கி அழவும் யோசிக்கவும் வைத்தவர்களின் வரிசையில் அவர் பெயர் முன்னால் நிற்கிறது.

இரண்டு பொய்ப்பெயர்கள்

இப்போது ராபர்ட் ரிச்சையும் சோமனையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இரண்டும் பொய்ப்பெயர். இரண்டும் சர்க்காரின் வேட்டையால் பிறந்தவை. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது.

டிரம்போ பொய்ப்பெயரைச் சந்தையில் விற்க வேண்டியிருந்தது. அவரை விரட்டிய அதே தொழிலுக்கே கள்ளத்தனமாகச் சரக்குப் போட்டார். அவர் உறுதியானவர், ஒருவரையும் காட்டிக் கொடுக்கவில்லை. ஆனால் பழைய சிநேகிதர்களின் பெயர்களைக் கமிட்டியிடம் சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பியவர்கள் அங்கே பலர். நம் மில்களில் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் உள்ளே விடுவோம் என்கிறார்களே, அதே முறை. கடைசியில் 1960இல் "எக்ஸோடஸ்", "ஸ்பார்ட்டகஸ்" என்ற இரண்டு பெரிய படங்களில் டிரம்போவின் பெயர் வெளிப்படையாக வந்தது, பட்டியல் உடையத் தொடங்கியது. ஸ்பார்ட்டகஸ் ரோமாபுரி அடிமைகளின் கலகத்தைச் சொல்லும் கதை என்பது பொருத்தம்தான். ஆனால் "தி பிரேவ் ஒன்" படத்துக்கான பரிசு அவர் கையில் வந்தது 1975இல். மறு வருஷம் காலமானார். "ரோமன் ஹாலிடே" பரிசு, அவர் செத்துப் பதினேழு வருஷம் கழித்து, 1993இல் கொடுக்கப்பட்டது.

பாஸியின் பொய்ப்பெயரை யார் வைத்திருந்தார்கள்? குடிசையில் இடம் கொடுத்தவர்கள், மேடையில் நடித்தவர்கள், மண்தரையில் உட்கார்ந்து பார்த்தவர்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு இயக்கம் நின்றது. ஆகவே இரண்டே வருஷத்தில் அவர் தலைமறைவிலிருந்து சட்டசபைக்குப் போனார். திறமையில் டிரம்போ குறைந்தவரல்ல, துணிச்சலிலும் குறைந்தவரல்ல. துணைக்கு நின்ற ஜனக்கூட்டத்தில்தான் வித்தியாசம்.

நம் ஊர்க் கணக்கு

கோவையும் சினிமாவும் அந்நியமல்ல. சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜாவும் இங்கேதான் இருந்தன. பஞ்சும் நூலும் போலப் படமும் ஒரு காலத்தில் கோவைச் சரக்கு. ஜூபிடர் கம்பெனியின் "அபிமன்யு" 1948இல் வந்தபோது, வசனம் எழுதிய இளைஞர் மு. கருணாநிதியின் பெயர் டைட்டிலில் இல்லை. அது அரசியல் பட்டியலால் நடந்ததல்ல, வியாபாரக் கணக்கால் நடந்தது. ஆனால் பெயர் போடாவிட்டால் எழுதியவனுக்கு எப்படி வலிக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 1960இல் நிமாய் கோஷ் டைரக்‌ஷனில், எம்.பி. சீனிவாசன் இசையில் "பாதை தெரியுது பார்" படத்தை நம் தோழர்களும் நண்பர்களும் எடுத்தார்கள். தொழிலாளியைத் திரையில் மனிதனாகக் காட்ட முயன்ற படம் அது.

பெயர் என்பது சினிமாக்காரனுக்கு மட்டும் வேண்டிய பொருளா? 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் தோழர்கள் ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன் ஆகிய நால்வரின் பெயர்களை இன்றும் நாம் வருஷம் தவறாமல் உரக்கச் சொல்கிறோம். எந்த டைட்டிலிலும் வராத பெயர்கள் அவை.

இன்றைக்கு நிலைமை என்ன? பத்து வருஷமாக ஒரே மெஷினில் நிற்கிறவன் பெயர் மில் மஸ்டரில் இல்லை, காண்ட்ராக்டர் நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஹாஸ்டலில் அடைந்து கிடக்கும் பிள்ளைகளின் பெயர் நமக்கே தெரியாது. "ஏய் ஹிந்திக்காரா" என்று கூப்பிடுகிறோம். உழைப்பு வேண்டும், பெயர் மட்டும் வேண்டாம். ஹாலிவுட் முதலாளியின் கணக்கு என்று சொன்னோமே, அதே கணக்கு!

ஆகவே நாம் செய்ய வேண்டியது மூன்று.

முதலாவது, கறுப்புப் பட்டியல் காதோடு காதாகத்தான் வாழ்கிறது. வெளிச்சத்தில் அதற்கு உயிர் இல்லை. சங்கக் காரணத்துக்காக எந்தக் கேட்டில், எந்தத் தேதியில், யாரை, என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார்கள் என்று எழுதி வையுங்கள். கூலி கேட்டதற்காக வேலைக்குக் கூப்பிடாத தோட்டத்தையும் எழுதுங்கள். சங்க ஆபீஸில் அதற்கென்று ஒரு நோட்டு இருக்கட்டும். பத்துப் பேர் சொன்னது ஒரே மாதிரி இருந்தால் அதுவே சாட்சி.

இரண்டாவது, பட்டியலில் ஏறியவனைத் தனியாக விடாதீர்கள். மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட வைப்பது முதலாளியின் மிரட்டல் மட்டுமல்ல, வீட்டில் அடுப்பு எரியாததும்தான். சூரநாட்டுக் கூலிக்காரன் தன் கஞ்சியில் பாதியைப் பாஸிக்குக் கொடுத்தான். மாதம் ஆளுக்குப் பத்து ரூபாய் நிதி கொடுத்தால் ஒரு குடும்பத்தின் அரிசிச் செலவு நடக்காதா?

மூன்றாவது, பெயரைக் கேளுங்கள். பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. அட்டை, சம்பளச் சீட்டு மூன்றிலும் உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். பக்கத்து மெஷினில் நிற்கும் வடக்கத்திப் பையனிடம் உன் பெயர் என்ன, எந்த ஊர், எத்தனை மணி நேரம் நிற்கிறாய் என்று கேளுங்கள். பாஷை தெரியாவிட்டாலும் பெயர் கேட்கத் தெரியும். அவனுக்கு நாம் யார் என்று தெரிந்தால், நாளைக்கு நமக்கு எதிராக அவனை நிறுத்த முடியாது.

இன்னும் ஒரு வேண்டுகோள். நம்மிலும் எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஷிப்ட் முடிந்து வந்து நோட்டில் பாட்டு எழுதி ஒளித்து வைக்கிற பெண்கள் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டுகளைக் கொண்டு வாருங்கள். இங்கே வாசிப்போம், நடிப்போம். எழுதியவர் பெயரையும் மேடையில் சொல்வோம்.